நின்னு என்றால் நின்றுவிட்டது

ஜெபிஷ் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் டீ டம்ளரோடு யாரும் உட்கார மாட்டார்கள். அவன் கால் ஆட்டுகிற ஆட்டில் பெஞ்சு ஆடும், பெஞ்சோடு டம்ளர் ஆடும், பாதி டீ மடியில் போகும். "லேய், காலை அடக்குலே" என்று யாராவது கத்தினால் கால் அடங்கும், கை ஆரம்பித்துவிடும். சாவியை விரலில் மாட்டிச் சுற்றுவான். சோடா மூடி ஒன்று மேஜையில் கிடந்தால் போதும், அதைப் பம்பரமாக்கிவிடுவான். எனக்குப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும். ஆனால் அவனைப் பார்க்காமலும் இருக்க முடியாது.

அவன் சொந்த ஊர் புதுக்கடை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்புக்குச் சேர்ந்து பாதியில் விட்டான். அதற்கப்புறம் ஷார்ஜாவில் ஒரு கட்டடத்துக்குக் காவல் வேலை. காவல் என்றால் நாற்காலியில் உட்கார்ந்தே இருக்க வேண்டும். அம்மா கொடுத்துவிட்ட ஊறுகாய் தீர்வதற்குள் பையன் திரும்பி வந்து நின்றான். ஊரில் கொஞ்ச நாள் ஜீப் ஓட்டினான். சீட் நிரம்பும்வரை ஸ்டாண்டில் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் இரண்டு பேர் ஏறியதுமே கிளம்பிவிடுவான் என்பதால் ஜீப்காரர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் நாற்காலியில் உட்காராமல் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறான். கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று அந்த வீட்டுப் பெண் ரெஜிஷா சொன்னாள் என்றால் அவள் மனசை நான் என்னவென்று சொல்வது. அவளுக்கு அண்டியாபீஸில் முந்திரி உடைக்கிற வேலை. நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பவளுக்கு, வீட்டிலாவது ஒரு ஆள் ஓடித் திரியட்டும் என்று தோன்றியிருக்கலாம்.

இப்படி எங்கேயும் ஒட்டாதவன் ஒட்டிக்கொண்ட ஒரே இடம் எங்கள் டிப்போ. பேச்சிப்பாறை போகிற வழியில் இருக்கிறது. பால் டிப்போ என்று போர்டைப் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர்கள் சிலர் பாத்திரத்தோடு வந்துவிடுவதுண்டு. இது ரப்பர்ப்பால். மலையில் மரப்பட்டையைக் கீறி எடுக்கும் பாலை அமோனியா கலந்து பேரலில் அடைத்துக் கொண்டுவருவார்கள். அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சோதித்துச் சொல்வது என் வேலை. என் பெயர் ஜின்சி. தண்ணீர் கலந்தவர்கள் எல்லாருக்கும் என்னைப் பிடிக்காது, எனக்கும் அவர்களைப் பிடிக்காது.

ஜெபிஷுக்குப் பேரல் உருட்டுகிற வேலை. ரோட்டில் பிக்கப் வேன் வந்து நிற்கும். அங்கிருந்து கீழே பால் தொட்டிவரை சிமெண்ட் சரிவு. பெரிய இறக்கம் இல்லை, சின்னப் பிள்ளைகள் ஓடி ஏறிவிடும். ஆனால் நிறைந்த பேரலுக்கு அது போதும். அதனால் சரிவை இரண்டாக வெட்டி நடுவில் ஒரு சமதளம் போட்டிருக்கிறார்கள். ஜெபிஷ் மேலிருந்து பேரலை இழுத்துப் பிடித்தபடி இறக்கி, நடுத்தளத்தில் காலை வைத்து நிறுத்துவான். கீழே தொட்டி ஓரத்தில் நிற்பவர் அல்போன்ஸ் அண்ணன். முந்தைய பேரலைத் திறந்து தொட்டிக்குள் கவிழ்ப்பது அவர் வேலை. அதற்கு அவர் சரிவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாக வேண்டும்.

எப்போது குனியலாம் என்பதற்கு ஒரு சொல் இருக்கிறது. மேலே இருப்பவன் பேரலை நிறுத்திவிட்டு "நின்னு!" என்று சத்தம் போடுவான். அது காதில் விழுந்த பிறகுதான் கீழே இருப்பவர் முதுகைத் திருப்புவார். மலையாளத்துக்காரர்களோடு லோடு ஏற்றி இறக்கிப் பழகியதில் வந்த சொல். நின்னு என்றால் நின்றுவிட்டது, முடிந்தது. எங்கள் மேனேஜர் விருதுநகர்ப் பக்கம். வந்த புதிதில் அவருக்கு இது விளங்கவே இல்லை. "நின்னு… நின்னு என்னய்யா பண்ணுச்சு? மீதியையும் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மீதி கிடையாது சார், அவ்வளவுதான் என்று நான்தான் விளக்கினேன்.

அல்போன்ஸ் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். முட்டத்துக்காரர். அப்பா, தாத்தா எல்லாம் கடலில் போனவர்கள். இவருக்கு வள்ளத்தில் ஏறினால் வாந்தி வரும். ஊரே சிரித்த சிரிப்பில் மலையோரத்தில் பெண் கட்டி, வீட்டு மாப்பிள்ளையாக வந்துவிட்டார். "ஆடாத தரையில நிக்கணும் மக்கா, எனக்கு அது மட்டும் போதும்" என்பார். ஒரு டீயை ஆறவிட்டு ஆறவிட்டுக் குடிக்கிற மனிதர். ஜெபிஷுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம் என்று நினைப்பீர்கள். ஆனால் அவன் மேலே இருந்தால்தான் அவர் கீழே நிற்பார், வேறு யாரையும் ஒப்புக்கொள்ள மாட்டார். காலையில் வந்ததும் திட்ட ஆரம்பித்து, சாயங்காலம் அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்தே வீட்டுக்குப் போவார்.

ஆடி மாதச் சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள். குடிநீர்க் குழாய் போட எங்கள் கேட் முன்னால் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பிக்கப் வேன் கேட் வரை வர வழியில்லாமல் சர்ச் வளைவிலேயே நின்றுவிட்டது. எனவே பேரல்களை அங்கிருந்து ரோட்டோடு உருட்டிக்கொண்டு வந்து, குழியின்மேல் போட்டிருந்த பலகையில் ஏற்றிக் கடத்தி, சரிவில் இறக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் முனகினார்கள். ஜெபிஷுக்கு மட்டும் கொண்டாட்டம், உருட்ட இவ்வளவு தூரம் கிடைத்ததே என்று.

நான் சோதனை அறையில் இருந்தேன். வெளியே "நின்னு!" என்று அவன் குரல் கேட்டது. கையில் இருந்த வேலையை முடித்திருக்கக்கூட மாட்டேன், அல்போன்ஸ் அண்ணன் அலறினார். ஓடிப் போய்ப் பார்த்தால், நடுத்தளத்தில் நின்றிருக்க வேண்டிய பேரல் கீழே தொட்டிச் சுவரில் கிடக்கிறது. சுவருக்கும் பேரலுக்கும் நடுவில் அண்ணன் கால். ஜெபிஷ் நடுத்தளத்திலேயே இல்லை, அடுத்த பேரலை எடுக்க மேலே கேட் வரை போய்விட்டிருந்தான். அங்கிருந்து அவன் ஓடி வந்த வேகத்தில் சரிவில் விழுந்து முழங்கைத் தோல் உரிந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. எல்லாருமாகப் பேரலைத் தள்ளி, அண்ணனைத் தூக்கி, பிக்கப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அல்போன்ஸ் அண்ணன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அவனுக்கு எப்பவும் உள்ள அவசரம். பேரல் நிக்கதுக்கு முந்தியே நின்னுன்னு சொல்லிட்டான்."

எல்லாரும் நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது? சீட் நிரம்புவதற்கு முன்னால் வண்டியை எடுக்கிறவன், ஆமென் வருவதற்கு முன்னால் சர்ச்சை விட்டு வெளியே வருகிறவன், பேரல் நிற்பதற்கு முன்னால் நின்னு என்று சொல்லியிருப்பான். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அந்தக் குற்றம் அவனுக்குப் பொருந்திவிட்டது. அவன் மனைவி ரெஜிஷாகூட, "நீங்க சொல்லியிருப்பிய. உங்களை எனக்குத் தெரியாதா?" என்று அழுதாளாம்.

மேனேஜர் அவனை வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்கியிருந்தால்கூட வேறு எங்கேயாவது போயிருப்பான். மறுநாள் அவன் மேலே பேரலோடு நின்றான். கீழே வர ஆள் இல்லை. ஜெனின் என்று இன்னொரு லோடுக்காரன், நல்ல பையன், யாரையும் எடுத்தெறிந்து பேச மாட்டான். அவனே, "எனக்கு வீட்டுல ரெண்டு பிள்ளைய உண்டு, நான் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டான். ஜெபிஷைக் கேன் கழுவ அனுப்பினார்கள். அவன் சொல்கிற ஒரு சொல்லை நம்பி முதுகைத் திருப்ப அந்த டிப்போவில் ஒருவரும் இல்லை. அதுதான் அவனைத் தின்றது. கேன் கழுவுகிற இடத்துக்கும் நடுத்தளத்துக்கும் இடையில் அவன் எத்தனை தடவை நடந்தானோ, அந்த ஈர மண்ணில் தடம் விழுந்துவிட்டது.

"அக்கா, கள்ளன்னு சொல்லட்டு, மடையன்னு சொல்லட்டு. சத்தியமாட்டு பேரல் நின்னது. எனக்க கண்ணால கண்டேன். நின்ன பெறகுதான் நின்னுன்னு சொன்னேன்."

"பிறகு எப்படிலே போச்சு? நீ தள்ளல, காத்தும் தள்ளல. தளம் சமம். நின்ன பொருள் யாரும் தொடாம கிளம்புமா? எட்டாங் கிளாஸ் பாடம் அது."

"கெளம்பிச்சே அக்கா!"

"அப்போ உனக்க கண்ணு பொய் சொல்லுது."

அவன் வாளியை ஓங்கித் தரையில் வைத்துவிட்டுப் போனான். எனக்கும் கோபம்தான். நான் இயற்பியலில் பட்டம் வாங்கியவள். சரிவில் உருளைகளை உருட்டி உருட்டிக் கணக்குப் போட்டே இரண்டு செமஸ்டரைக் கழித்திருக்கிறேன். என்னிடம் வந்து இவன் பேரல் தானாகக் கிளம்பியது என்கிறான்.

அதற்கப்புறம் ஒரு வாரம்போல அவன் என்னோடு பேசவில்லை. ஒருநாள் மத்தியானம் அறைக் கதவை இடித்துத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். இரண்டு கையிலும் முட்டை. சட்டைப் பையில் ஒன்று உடைந்து வழிந்துகொண்டிருந்தது. பின்னாலேயே டீக்கடைக்காரர் கத்திக்கொண்டு வருகிற சத்தம்.

"அக்கா, இஞ்ச பாருங்க. ஒண்ணும் பேசாண்டாம், பாருங்க."

என் மேஜைமேல் இருந்த காகிதங்களை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு முட்டையைச் சுற்றிவிட்டான். பச்சை முட்டை, கொஞ்சம் தள்ளாடித்தான் சுற்றியது. விரலால் மேலே மெல்லத் தொட்டான். நின்றது. விரலை எடுத்தான். யாரும் தொடவில்லை, முட்டை மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது.

"நின்னுதா இல்லியா? பாத்தியளா? நின்னுதா இல்லியா?"

இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். செய்தான். நான் செய்தேன். அதே கதை. முட்டை வெந்ததா வேகாததா என்று பார்க்க இப்படிச் சுற்றுவதை நம் அடுக்களைகளில் எத்தனை பேர் செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன். வெந்தது நன்றாகச் சுற்றும், பச்சை தள்ளாடும் என்பதோடு விட்டுவிடுவேன். தொட்டு நிறுத்திவிட்டு விரலை எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. சும்மா இருக்க முடியாத விரலுக்குத்தான் அது தோன்றும்.

அந்த முட்டையைப் பார்த்தபடியே நான் படித்ததெல்லாம் வரிசையாக எழுந்து வந்தது. உருளுகிற எதுவும் ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்கிறது. முன்னால் போகிறது, தன்னைத்தானே சுற்றவும் செய்கிறது. சரிவு கொடுக்கிற சக்தியை இந்த இரண்டு வேலைக்கும் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். சுற்றுவதற்கு அதிகம் போனால் ஓட்டம் குறையும். அமோனியா போதாமல் பால் உள்ளேயே உறைந்து கட்டியாகிவிட்ட பேரல்கள் எங்களுக்கு அவ்வப்போது வரும். சரிவில் விட்டால் அவை மெதுவாகத்தான் வேகமெடுக்கும். லோடுக்காரர்கள் அதற்கு மடியன் பேரல், அதாவது சோம்பேறிப் பேரல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கட்டி முழுவதையும் சுற்ற வைக்க வேண்டியிருப்பதால் வந்த மடி அது. நல்ல பால் உள்ள பேரலில் முதலில் தகரம் மட்டும்தான் சுற்றும். உள்ளே பால் பல்லக்கில் போகிறவரைப் போல, போகும், சுற்றாது. அதனால் அது சட்டென்று ஓட்டம் பிடிக்கும். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும், அதைப் பற்றிச் சின்னதாக ஒரு பெருமைகூட உண்டு.

ஆனால் எவ்வளவு தூரம் பால் சும்மா போகும்? உருட்டிக்கொண்டே இருந்தால் தகரத்தை ஒட்டிய பால் தகரத்தோடு நகர ஆரம்பிக்கும். அது அடுத்ததை இழுக்கும், அது அதற்கு அடுத்ததை. நீண்ட தூரம் உருட்டினால் உள்ளேயும் பெரிய சுழற்சி ஒன்று உண்டாகிவிடும். அப்போது காலை வைத்து நிறுத்தினால் தகரம் நிற்கும், பால் நிற்காது. கால் வைத்தது அதற்குத் தெரியாது. அது உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். காலை எடுத்ததும் தகரத்தைப் பிடித்து மறுபடி சுற்ற வைக்கும்.

"லேய் ஜெபிஷ்," என்றேன். "அன்னைக்கு அந்தப் பேரல் எங்க இருந்து உருண்டு வந்தது?"

அவன் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. "சர்ச் வளைவுல இருந்து அக்கா."

மற்ற நாட்களில் கேட்டிலிருந்து நடுத்தளம்வரைதான் உருட்டு. அதற்குள் பாலுக்குச் சுற்ற நேரம் கிடையாது, நிறுத்தினால் நின்றுவிடும். இத்தனை வருஷமாக நின்னு என்ற சொல் பொய்யாகாமல் இருந்தது அதனால்தான். அந்த ஒரு நாள்தான் ரோடு முழுக்க உருண்டு வந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

மேனேஜரை இழுத்து வந்தோம். ஜெனினையும் கூப்பிட்டோம். தொட்டிப் பக்கம் ஒருவரும் போகக்கூடாது என்று கத்திவிட்டு, நடுத்தளத்தின் ஓரத்தில் பெரிய கல் ஒன்றை வைத்தேன். குழியை அதற்குள் மூடியிருந்தார்கள். ஜெபிஷும் ஜெனினுமாக ஒரு நிறைந்த பேரலைச் சர்ச் வளைவுவரை கொண்டுபோய் அங்கிருந்து உருட்டி வந்தார்கள். சரிவில் இறக்கி நடுத்தளத்தில் ஜெனின் காலை வைத்தான். அந்த இடத்தில் பேரலைத் தொட வேண்டாம் என்று ஜெபிஷிடம் நானே சொல்லியிருந்தேன். பேரல் நின்றது. நன்றாக நின்றது, எல்லாரும் பார்த்தோம்.

"காலை எடு."

எடுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்தார். பிறகு பேரல் அசைந்தது. ஒரு சாண் நகர்ந்தது, இன்னொரு சாண். யாரோ உள்ளே இருந்து நடப்பதுபோல அவசரமே இல்லாமல் போய்க் கல்லில் இடித்து நின்றது. கல் இல்லாவிட்டால் அடுத்து இறக்கம்தான்.

"நின்னு… அப்புறம் போச்சு," என்றார் மேனேஜர். இப்போதுதான் அவருக்கு அந்தச் சொல்லின் மீதி கிடைத்தது.

கேட்டிலிருந்து மட்டும் உருட்டியும் பார்த்தோம், நின்ற பேரல் நின்றபடியே இருந்தது. ஜெனின் ஜெபிஷின் தோளைத் தட்டப் போனான். ஆள் அங்கே இல்லை. பைக்கைக் கிளப்பிவிட்டான். "அக்கா, ஏறுங்க. அண்ணன்கிட்ட சொல்லணும். எனக்குச் சொல்லத் தெரியாது, நீங்கதான் சொல்லணும்." டீக்கடையில் மறுபடி முட்டை வாங்கி என் மடியில் வைத்தான். அவன் ஓட்டிய ஓட்டத்தில் அவை உடையாமல் வந்ததற்கு நான் கும்பிட்ட தெய்வங்களே காரணம்.

அல்போன்ஸ் அண்ணன் வீட்டில் அவர் மனைவி அன்னக்கிளி கதவைத் திறந்தார். ஜெபிஷைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனாலும் வழிவிட்டார். அண்ணன் கட்டிலில் மாவுக்கட்டுக் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். அவர் இவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து, "வாங்க டீச்சரே" என்றார். படித்தவர்கள் எல்லாருமே அவருக்கு டீச்சர்தான்.

ஒரு தட்டை வாங்கி அவர் முன்னால் வைத்து முட்டையைச் சுற்றினேன். நிறுத்தினேன், விட்டேன். அது சுற்றியது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாமே ஒருமுறை செய்தார். அவசரப்படாமல் மறுபடி செய்தார். நான் பேரலைப் பற்றி, ரோட்டைப் பற்றி, பாலைப் பற்றி எல்லாம் சொன்னேன். மத்தியானம் கல்லில் போய் இடித்ததையும் சொன்னேன். ஜெபிஷ் வாசலுக்கும் கட்டிலுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தான்.

அண்ணன் முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு முதல்முறையாக அவனைப் பார்த்தார்.

"ஏலே, அப்போ நீ முந்திச் சொல்லல."

"இல்ல அண்ணோ."

"நான் ஊரு முழுக்க அப்பிடிச் சொல்லிட்டேன் மக்கா. தப்பு எனக்க பேருலதான்."

ஜெபிஷுக்கு அழுகை வந்துவிட்டது. சிரிக்கவும் செய்தான். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நானும் முட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். அப்போது அண்ணன் என்னிடம் கேட்டார்.

"டீச்சரே, உள்ள சுத்துற பாலு அடங்கணும்னா என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாண்டாம் அண்ணா. காலை எடுக்காம வச்சிருந்தா போதும். பாலு தகரத்துல உரசி உரசித் தன்னால அடங்கிரும்."

"கொஞ்ச நேரம்?"

"கொஞ்ச நேரம்தான்."

அவர் தலையாட்டினார். டீயை ஆற வைக்கிற அதே நிதானத்தோடு அவன் பக்கம் திரும்பினார்.

"அது நின்னுச்சு மக்கா, நான் சம்மதிச்சேன். நீ நின்னியா?"

நடந்துகொண்டிருந்த ஜெபிஷ் அப்படியே நின்றான். அன்றைக்குப் பேரலிலிருந்து காலை எடுத்ததுமே அவன் கேட்டை நோக்கி ஓடியிருக்கிறான். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அண்ணன் குரலை உயர்த்தவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்டார், அவ்வளவுதான். எனக்கு அண்ணன்மேல் கோபம் வந்தது. இப்போதுதானே அவனைத் தூக்கிவிட்டீர்கள், உடனே ஏன் கீழே போட்டீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் மாவுக்கட்டு அவர் காலில் இருந்தது, என் காலில் இல்லை.

திரும்பும்போது அவன் பைக்கை மெல்ல ஓட்டினான். என் வாழ்க்கையில் அவன் அப்படி ஓட்டிப் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது. "வேகமாப் போலே, மழை வருது" என்று நானே திட்டினேன். அவன் கேட்கவில்லை.

கட்டுப் பிரித்துக் கம்பு ஊன்றி அல்போன்ஸ் அண்ணன் டிப்போவுக்கு வந்தபோது மழைக்காலம் போய்விட்டிருந்தது. கால் கொஞ்சம் கோணல்தான். குனிந்து பேரல் கவிழ்க்க இனி முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேனேஜர் அவருக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று கொடுக்க வேண்டும். எது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது ஜெபிஷ் முன்னால் வந்தான். ஜெனினோ மற்றவர்களோ இப்போது அவன் உருட்டுவதற்கு மறுப்புச் சொல்வதில்லை. மேல்வேலை மறுபடி அவனுக்குத்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தோம்.

"நான் கீழ நிக்கேன் சார்," என்றான். "ஜெனின் உருட்டட்டு. அண்ணன் நடுவுல இருந்து பாத்துச் சொல்லட்டு."

"கீழே நிற்கணும்னா காத்திருக்கணும்பா. உன்னால முடியுமா?" என்று கேட்டார் மேனேஜர்.

"தெரியாது சார்."

நடுத்தளத்தில் ஒரு காலிக் கேனைக் கவிழ்த்து அண்ணன் உட்கார்ந்தார். முதல் பேரல் தொட்டி ஓரத்துக்குப் போன பிறகு ஜெனின் இரண்டாவதை இறக்கிக் கொண்டுவந்து காலை வைத்து நிறுத்தினான். பேரல் நின்றது. கீழே ஜெபிஷ் மேலே பார்த்தபடி நின்றான். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. என் ஜன்னலில் இருந்து பார்க்கிறேன், பேரல் மலைபோல் அசையாமல் கிடக்கிறது, சொல்லிவிடலாம். அவர் சொல்லவில்லை. மேலே பிக்கப்காரர் ஹாரன் அடித்தார். ஜெபிஷின் முழங்கால் ஒருமுறை ஆடியது, அவன் கையை வைத்து அமுக்கிக்கொண்டான். சொல்லுங்க அண்ணா என்று நானே கத்தப் போனேன். அவன் அவசரப்படுத்தவில்லை. நின்றான்.

கடைசியில் அண்ணன் "நின்னு!" என்றார். ஜெபிஷ் சட்டென்று திரும்பித் தொட்டிக்குள் குனிந்தான். ஜெனின் பேரலிலிருந்து காலை எடுத்துவிட்டு, அடுத்ததற்காக மேலே ஏறிப் போனான்.

அப்போது அல்போன்ஸ் அண்ணன் கேனை இழுத்துப் போட்டு நகர்ந்து உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, நல்ல காலைத் தூக்கிப் பேரலின்மேல் வைத்தார். கீழே அவன் வேலையை முடித்து நிமிரும்வரை எடுக்கவே இல்லை. அவன் நிமிர்வதைக் கண்டதும் எடுத்துக்கொண்டார். முதுகைத் திருப்பியிருந்ததால் ஜெபிஷுக்கு அது தெரியாது.